முடிவின் இரு கணக்குகள்: குரோவ்ஸும் டஃப்பும்

1829ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலிருந்து இருவர் கிழக்கே புறப்பட்டார்கள். ஜூன் மாதம் கிளம்பியவர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ். எக்ஸிடர் நகரில் நல்ல வருமானத்தோடு பல் மருத்துவம் பார்த்தவர். அப்போது வயது 34. அக்டோபரில் கப்பலேறியவர் அலெக்ஸாண்டர் டஃப். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த 23 வயது இளைஞர். ஸ்காட்லாந்துத் திருச்சபை இந்தியாவுக்கு அனுப்பிய முதல் மிஷனெரி. முன்னவர் போனது பாக்தாத்துக்கு, பின்னவர் போனது கல்கத்தாவுக்கு. முன்னவருக்குப் பின்னால் எந்தச் சங்கமும் இல்லை. பின்னவருக்குப் பின்னால் ஒரு தேசத்தின் திருச்சபையே நின்றது. இருவரும் கையில் எடுத்துப்போன வேதம் ஒன்று. உலகம் எப்படி முடியும் என்று அதே வேதத்திலிருந்து இருவரும் கற்றுக்கொண்ட பாடங்களோ எதிரெதிரானவை.

டஃப் வளர்ந்த மரபு, சுவிசேஷம் படிப்படியாக உலகை வெல்லும் என்று நம்பிய மரபு. கர்த்தரை அறியும் அறிவால் பூமி நிரம்பும் என்ற ஏசாயாவின் தரிசனம், சபை, பள்ளி, அச்சுக்கூடம் ஆகியவற்றின் உழைப்பாலேயே நிறைவேறும். அந்த நீண்ட பொற்காலத்துக்குப் பின்னரே கிறிஸ்துவின் வருகை. குரோவ்ஸ் சேர்ந்திருந்த சிறு வட்டம் இதைத் தலைகீழாகப் படித்தது. உலகம் சீர்கெட்டுக்கொண்டே போகும். வருகை முன்னதாக நிகழும். ஆயிர வருட அரசாட்சியை நிறுவுவது வருகிறவரின் வேலை, சபையின் வேலை அன்று. மத்தேயு 24ஆம் அதிகாரம் சொல்வதுபோல் எல்லா ஜாதிகளுக்கும் சாட்சி சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. டஃப்புக்கு மிஷன் என்பது கட்டும் வேலை. குரோவ்ஸுக்கு அது அறிவிக்கும் வேலை.

இந்த வேறுபாட்டைக் கேட்டதும் நமக்கு ஒரு முடிவு உடனே தோன்றும்: முடிவு அருகில் என்று நம்புகிறவர் எதையும் ஊன்ற மாட்டார், காலம் நீளும் என்று நம்புகிறவர் அவசரப்பட மாட்டார். ஆனால் இவ்விருவரின் வாழ்க்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த முடிவு பாதிதான் நிற்கிறது. மீதிப் பாதியில் இருவரும் இடம் மாறி நிற்கிறார்கள். இந்த ஒப்பீட்டில் என்னை ஈர்த்தது அந்தப் பாதிதான்.

ஊற்றுக்கண்ணிலேயே ஓர் உறவு இருக்கிறது. டஃப்பின் ஆசிரியர் தாமஸ் சால்மர்ஸ். அதே சால்மர்ஸிடம், அவர் கிளாஸ்கோவில் போதகராக இருந்தபோது, உதவியாளராக இருந்தவர் எட்வர்ட் இர்விங். லண்டனுக்குப் போன இர்விங் 1824இல் லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மணிக்கணக்காக ஒரு பிரசங்கம் செய்தார். மிஷனெரி அப்போஸ்தலரைப் போல் பணப்பையும் பின்பலமும் இல்லாமல் போக வேண்டும் என்பது அதன் சாரம். நன்கொடையாளர்கள் நிறைந்த அவை அதை ரசிக்கவில்லை. இரண்டாம் வருகை சமீபம் என்ற போதனைக்கு அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் மிக உரத்த குரலானவரும் இந்த இர்விங்தான். பிரசங்கத்துக்கு மறு ஆண்டு, 1825இல், குரோவ்ஸ் ஒரு சிறு நூல் வெளியிட்டார்: பூமியில் பொக்கிஷம் சேர்க்க வேண்டாம் என்ற கட்டளையை அப்படியே, எழுத்துக்கு எழுத்தாகக் கைக்கொள்ள வேண்டும் என்று வாதிட்ட நூல் அது. ஆக, சால்மர்ஸின் உதவியாளர் தொட்டுவைத்த சிந்தனை குரோவ்ஸ் நடந்த வழியில் ஓடுகிறது. சால்மர்ஸின் மாணவர் எதிர்த்திசையில் நடக்கிறார்.

டஃப்பின் கப்பல் 1830 பிப்ரவரியில் நன்னம்பிக்கை முனைக்கு அருகே டாசன் தீவில் மோதி உடைந்தது. 800க்கு மேற்பட்ட நூல்கள் கொண்ட அவருடைய நூலகம் கடலோடு போயிற்று. வேதாகமமும் ஸ்காட்லாந்துச் சங்கீதப் புத்தகமும் மட்டும் கரை ஒதுங்கின. மாற்றுக் கப்பலும் கங்கையின் முகத்துவாரத்தில் தரைதட்டியது. குரோவ்ஸ் குடும்பம் சென்றதோ ரஷ்யா, காக்கசஸ் வழியாக, பெரும்பாலும் தரைவழி. கூடவே மகன்களின் ஆசிரியராகப் போனவர், பிற்காலத்தில் வேதாகம ஆய்வாளராகப் புகழ்பெற்ற, காது கேளாத ஜான் கிட்டோ. புத்தகங்களையெல்லாம் கடலில் இழந்தவர் புத்தகக் கல்வியையே ஆயுதமாக்கப் போனார். எல்லாவற்றையும் தாமாகவே துறந்தவரும் பாக்தாத்தில் முதலில் திறந்தது ஒரு பள்ளிக்கூடத்தையே. முதல் ஒற்றுமை இங்கேயே தலைகாட்டுகிறது.

கல்கத்தாப் பள்ளியைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். இடம், சித்பூர் சாலையில் பிரம்ம சபை முன்பு கூடிவந்த ஒரு வீடு. அதை ஏற்பாடு செய்து கொடுத்தவரும், முதல் 5 மாணவர்களை அனுப்பிவைத்தவரும் பிரம்ம சபையின் நிறுவனர் ராம்மோகன் ராய். 1830 ஜூலை 13ஆம் நாள் டஃப் வங்க மொழியில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி வகுப்பைத் தொடங்கினார். பிறகு மாணவர் கையில் சுவிசேஷப் பிரதியைக் கொடுத்தார். முணுமுணுப்பு எழுந்தது. உடனிருந்த ராம்மோகன் ராய், இந்து சாஸ்திரங்களைப் படித்த வெள்ளைக்காரப் பண்டிதர் இந்துவாகிவிடவில்லை, குர்ஆனைப் படித்த தாம் முஸ்லிமாகிவிடவில்லை, படித்துப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள் என்று மாணவர்களைச் சமாதானப்படுத்தினார். காலம் நம் பக்கம் என்று உறுதியாக நம்புகிறவரால்தான் இந்த ஏற்பாட்டைத் தாங்க முடியும். கிறிஸ்தவராகாத ஒருவர் வந்து, படிப்பதால் யாரும் கிறிஸ்தவராகிவிட மாட்டார்கள் என்று உறுதி கொடுக்க, அதைக் கேட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறார் ஒரு மிஷனெரி. அறிவு தன் வேலையைத் தானே செய்யும் என்பது அவருடைய விசுவாசம். 1832இல் மகேஷ் சந்திர கோஷ், கிருஷ்ண மோகன் பானர்ஜி, கோபிநாத் நந்தி முதலானோர் ஞானஸ்நானம் பெற்றபோது அந்த விசுவாசத்துக்கு முதல் பலன் கிடைத்தது.

பாக்தாத்துக்கு அத்தகைய காலம் வாய்க்கவில்லை. 1831 வசந்தத்தில் நகருக்குள் கொள்ளைநோய் புகுந்தது. நோயின் உச்சத்தில் டைக்ரிஸ் நதி கரைபுரண்டு நகரச் சுவரை உடைத்து, வீடுகளைச் சரித்தது. தப்பியோட நினைத்தவர்களுக்கும் வழி அடைபட்டது. வெள்ளம் வடிந்த பின், பாக்தாத் ஆளுநர் தாவூத் பாஷாவை வீழ்த்த வந்த படையின் முற்றுகை. மே மாதம் குரோவ்ஸின் மனைவி மேரி நோயில் இறந்தார். சில மாதங்களுக்குப் பின் கைக்குழந்தையும் போயிற்று. அந்த நாட்களில் குரோவ்ஸ் எழுதிய நாட்குறிப்பு அச்சில் வந்திருக்கிறது. கொள்ளைநோய், வெள்ளம், யுத்தம் என்று வேதத்தில் வாசித்தவையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நடக்கின்றன. அவற்றை வைத்து அவர் மற்றவர்களை மிரட்டவில்லை. வருகிறவர் சீக்கிரம் வருகிறார் என்பது மனைவியைப் புதைத்த மனிதருக்கு ஆறுதலாக இருந்தது, அவ்வளவே. கடைசிக் கால நம்பிக்கை என்றாலே பயமுறுத்தல் என்று எண்ணிப் பழகிய நமக்கு இந்த நாட்குறிப்பு வேறொன்றைக் காட்டுகிறது.

டஃப்புக்கும் ஒரு பேரழிவு வந்தது. காலம் கழித்து, 1857இல். கல்கத்தாவிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் மறு ஆண்டே இந்தியக் கிளர்ச்சியைப் பற்றிய நூலாக வந்தன. அவருடைய முதல் மாணவர்களில் ஒருவரான கோபிநாத் நந்தி அலகாபாத்தில் பிடிபட்டு, மிரட்டலுக்கு அசையாமல் நின்று, உயிரோடு மீண்டார். டஃப் இந்த எழுச்சியைக் கடவுளின் கண்டிப்பாகப் படித்தார்; முடிவின் அடையாளமாகப் படிக்கவில்லை. சபை தன் கடமையில் அசதியாக இருந்தது, இனி இரட்டிப்பாக உழைக்க வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த செய்தி. ஒரே வகைத் துயரம் ஒருவரை வானத்தை நோக்கிப் பார்க்கவைத்தது, மற்றவரை மேலும் பள்ளிகள் வேண்டும் என்று கேட்கவைத்தது. ஆனால் இருவருமே நாட்டு மக்களின் மனக்குறைகளை அந்தத் துயரத்துக்குள் போதிய அளவு பார்க்கவில்லை. டஃப்பிடம் இந்தப் பார்வைக் குறை கூடுதல். ஆட்சியும் கல்வியும் சுவிசேஷமும் ஒரே திசையில் நகர்கின்றன என்று நம்பியவருக்கு, அந்த ஆட்சியின் மேல் மக்களுக்கு இருந்த கோபத்தின் நியாயம் எளிதில் புலப்படாது.

இனி அந்த இடமாற்றத்துக்கு வருவோம். படிப்படியான வெற்றியை நம்பிய டஃப் தம் வேலைக்குச் சொன்ன உவமை திடீர் வெடிப்பைப் பேசும் ஒன்று. மற்ற மிஷனெரிகள் பெரும் பாறையிலிருந்து மணி மணியாகப் பொன்னைப் பிரித்தெடுக்கிறார்கள். நாங்களோ பாறைக்கு அடியில் வெடிமருந்து வைக்கிறோம், ஒரு நாள் அது மொத்தமாகப் பெயர்த்தெறியும் என்றார். இந்து சமயம் முழுவதும் ஒருநாள் சரியும் என்பது பொருள். நிதானத்தின் தத்துவத்துக்குள் ஒரு வெடிப்பின் எதிர்பார்ப்பு ஒளிந்திருந்தது. திடீர் முடிவை நம்பிய குரோவ்ஸோ 1837 வாக்கில் சித்தூரில் நிலம் எடுத்து மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். இலை தழைக்கவும் புழு கூடு கட்டவும் காத்திருக்கும் வேலை அது. விசுவாசிகள் உழைத்துப் பிழைத்து, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் ஊழியம் செய்யவேண்டும் என்பது நோக்கம். நாளையே உலகம் முடியலாம் என்று நம்பியவர் கன்று நட்டார். நூற்றாண்டுகளை நம்பியவர் திரி கொளுத்தினார்.

இவர்கள் இருவரும் சந்திக்கவே செய்தார்கள். பாக்தாத்திலிருந்து 1833இல் குரோவ்ஸை இந்தியாவுக்கு அழைத்துவந்தவர், காவிரி, கோதாவரி அணைக்கட்டுகளால் நமக்குத் தெரிந்த ஆர்தர் காட்டன். தென்னாட்டைச் சுற்றிப்பார்த்து, திருநெல்வேலியில் மிஷனெரி ரேனியஸைச் சந்தித்துவிட்டு, 1834இல் குரோவ்ஸ் கல்கத்தா போனார். டஃப் தம் பள்ளியை வகுப்பு வகுப்பாகக் காட்டினார். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு மாணவர்களோடு பேசிய குரோவ்ஸ் நெகிழ்ந்துபோனார். பாக்தாத்தில் தாம் சொன்னவை கேட்பவர் மனத்துக்கு வெளியே ஏதோ ஓட்டில் பட்டு நின்றன, இங்கே சொல் உள்ளே இறங்குகிறது, இதைத்தான் நான் இங்கிலாந்தை விட்டது முதல் தேடினேன் என்ற பொருளில் அவர் பேசியதாக டஃப்பின் வாழ்க்கை வரலாறு பதிவுசெய்கிறது. சிறிது காலத்தில் டஃப் வயிற்றுக் கடுப்பால் சாகக் கிடந்தார். தூக்கித்தான் கப்பலேற்ற வேண்டியிருந்தது. அவருக்கும் குடும்பத்துக்கும் துணையாக ஸ்காட்லாந்து வரை கூடப் போனவர் குரோவ்ஸ். ஆயிர வருட அரசாட்சி வருகைக்கு முன்னா பின்னா என்று எதிரெதிரே நின்ற இருவர் பல மாதங்கள் ஒரே கப்பலில், ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் பணிவிடைக்காரராகவும் கழித்தார்கள். கிறிஸ்துவின் ஜீவனுள்ள எவரையும் கொள்கைக்காக விலக்கக் கூடாது என்பதில் குரோவ்ஸ் பிடிவாதமாக இருந்தவர். தம் வட்டத்தின் தலைவர்களில் ஒருவரான டார்பி வேலிகளை உயர்த்தத் தொடங்கியபோது 1836இல் அவரையே கடிந்து கடிதம் எழுதியவர். ஆகவே அந்தக் கப்பல் பயணம் தற்செயலான இரக்கம் மட்டும் அன்று. அவருடைய கொள்கையிலிருந்தே வந்தது.

பொருளின் மேல் பற்றின்மையிலும் இருவரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தபோது டஃப் மனச்சாட்சியின்படி சுதந்திரத் திருச்சபையோடு போனார். தாம் எழுப்பிய கட்டடம், நூலகம், ஆய்வுக் கருவிகள் எல்லாம் பழைய சபைக்கே உரியவை என்று விட்டுவிட்டு, கல்கத்தாவின் நிம்தலா பகுதியில் மறுபடி தொடங்கினார். கட்டுவதே இறைப்பணி என்று நம்பியவர் கட்டியதை விட்டு வெளியேறினார். சித்தூரில் குரோவ்ஸின் பட்டுத் தொழில் நொடித்துக் கடனில் முடிந்தது. எதையும் சேர்க்கக் கூடாது என்றவர் சேர்க்காததற்காக அல்ல, தொழில் செய்ததற்காகத் துன்பப்பட்டார். 1853 மே மாதம் பிரிஸ்டலில், தம் தங்கை கணவர் ஜார்ஜ் மியூலரின் வீட்டில் இறந்தார். யாரிடமும் பணம் கேட்காமல் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த மியூலரிடம் குரோவ்ஸின் அந்தச் சிறுநூல் போய்ச் சேர்ந்திருந்தது. மியூலரின் வழி ஹட்சன் டெய்லரை வசப்படுத்தி, 1865இல் சீன உள்நாட்டு மிஷனாக வளர்ந்தது. நிறுவனம் வேண்டாம் என்றவரின் வம்சாவழியில் உலகின் பெரும் மிஷன் நிறுவனங்களுள் ஒன்று நிற்கிறது.

இருவரின் கிளைகளும் தமிழ் மண்ணில் வேர்விட்டன. டஃப்பின் முறையைப் பின்பற்றி ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளி சென்னைக் கிறித்தவக் கல்லூரியாயிற்று. அதைப் பெரிதாக்கிய வில்லியம் மில்லர், ஞானஸ்நான எண்ணிக்கையைத் தேடுவது நோக்கமல்ல, இந்தியச் சிந்தனை முழுவதும் கிறிஸ்தவக் கருத்துகள் ஊறுவதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார். டஃப்பின் வெடிமருந்து இங்கே மெல்ல ஊறும் நீராயிற்று. குரோவ்ஸின் கிளை வேறு வகையானது. ரேனியஸிடம் படித்த அருளப்பன் என்ற தமிழ் இளைஞர் குரோவ்ஸோடு ஊர் ஊராகப் பயணம் செய்தார். வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளம் வேண்டாம் என்று தீர்மானித்து 1842இல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியன்பேட்டையை நிறுவினார். குருவானவர் இல்லாமலே விசுவாசிகள் கூடி அப்பம் பிட்டார்கள். 1860இல் அங்கே தொடங்கிய எழுப்புதலில் சாதாரண ஆண்களும் பெண்களும் அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், தாமே சுவிசேஷம் சொல்லிப் புறப்பட்டார்கள். குரோவ்ஸ் இறந்து 7 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர் எவரும் அதை நடத்தவில்லை.

இங்கேதான் நான் எதிர்பாராத உறவைக் காண்கிறேன். இந்துஸ்தானத்தின் உண்மையான சீர்திருத்தக்காரர் தகுதிபெற்ற இந்தியராகவே இருப்பார், வெளிநாட்டவர் அல்லர் என்பது டஃப்பின் அசையாத எண்ணம். கல்லூரி எழுப்பியதே அதற்காக. காலம் குறைவு, ஒவ்வொரு விசுவாசியும் இன்றே ஊழியக்காரன், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம் என்பது குரோவ்ஸின் எண்ணம். சம்பளத்தையும் பட்டத்தையும் மறுத்தது அதற்காக. காலம் நிறைய இருப்பதால் இந்தியரைப் பயிற்ற வேண்டும் என்றார் ஒருவர். காலம் இல்லாததால் இந்தியரை நம்ப வேண்டும் என்றார் மற்றவர். மிஷனெரி தேவைப்படாத நாளை இருவருமே விரும்பினார்கள். அந்த நாளை விரைவில் காட்டியது அவசரக்காரரின் வழி. பயிற்சிக்கு முடிவே இல்லை. கல்லூரிக்கு எப்போதும் இன்னொரு பேராசிரியர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தபடி இருந்தார்.

அதற்காக ஒரு தட்டை முழுவதும் தாழ்த்திவிட முடியாது. டஃப்பின் கல்லூரி பெரிதும் மேல்சாதி இளைஞரை நோக்கியது உண்மை. ஆனால் அது கொடுத்த கல்வி, மதம் மாறாதவருக்கும் சொந்தமாயிற்று. கேள்வி கேட்கவும் மறுக்கவும் கற்றுக்கொடுத்தது. குரோவ்ஸின் வழியில் அப்படிக் கேள்வி கேட்டுத் தடுக்கும் பழக்கம் இல்லை. அருளப்பன் வட்டாரத்து எழுப்புதலின் அலை திருவிதாங்கூருக்குப் பரவியது. அங்கே 1870களில் தமிழ்ப் பிராமணப் பின்னணியிலிருந்து வந்த ஜஸ்டஸ் ஜோசப் தனிச்சபை கண்டு, 1881இல் வருகை நிகழும் என்று குறித்தார். அந்த ஆண்டு வந்து போயிற்று. நம்பி வந்த குடும்பங்கள் கலங்கிச் சிதறின. கேள்வி கேட்கப் பழக்கும் ஒரு வகுப்பறை அவர்கள் நடுவே இருந்திருந்தால் இது தவிர்ந்திருக்கலாம். டஃப்பிடம் இருந்தது குரோவ்ஸின் வழிக்குத் தேவைப்பட்டது. குரோவ்ஸிடம் இருந்தது டஃப்பின் வழிக்குத் தேவைப்பட்டது. கல்கத்தா வகுப்பறையில் குரோவ்ஸ் நெகிழ்ந்தது வெறும் மரியாதைக்காக என்று நான் நினைக்கவில்லை.

இந்த ஒப்பீட்டில் ஒரு தட்டு கனமாவதற்கு ஆவணங்களும் காரணம். டஃப் இறந்த மறு ஆண்டே, 1879இல், ஜார்ஜ் ஸ்மித் இரண்டு தொகுதிகளில் அவருடைய வரலாற்றை எழுதினார். குரோவ்ஸின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் அச்சில் கிடைக்கின்றன. அருளப்பனை அறிய நான் நாடியது 1939இல் லாங் என்ற ஆங்கிலேயர் அவருடைய நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்த ஆங்கில நூலை. அவர் பக்கத்துத் தட்டும் நிரம்ப, வத்திராயிருப்பிலும் திருநெல்வேலியிலும் இதை வாசிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டன் பூட்டன் காலத்துக் கடிதங்களோ ஜெபக் குறிப்புகளோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், பழைய காகிதம் என்று போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு படி எடுத்துக் கொடுங்கள்.